புலிமுகச் சிலந்தியை அதன் பொந்திலேயே பார்த்து அறிவது எப்படி

புலிமுகச் சிலந்தியைப் பார்க்க விரும்புகிறவர் முதலில் பகல் வெளிச்சத்தில் போய் மரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இரவில் டார்ச்சை அடித்துக்கொண்டு தோப்பு முழுவதும் அலைந்தால் பல்லியும் நட்டுவாக்காலியும் கண்ணில் படுமே தவிர, இந்தச் சிலந்தி படாது. அது அலைந்து திரியும் உயிரன்று. வயதான ஒரு மரத்தின் பொந்தில் குடியேறிய பெண் சிலந்தி பெரும்பாலும் தன் ஆயுள் முழுவதையும் அந்தப் பொந்தைச் சுற்றியே கழிக்கிறது. எனவே மரத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குச் சிலந்தி தானாகவே அகப்படும். கையால் தொடாமலும் பட்டையை உரிக்காமலும் அதை எப்படிக் கண்டு, இனம் அறிந்து, நடத்தையைக் குறித்துக்கொள்வது என்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

தேடுவது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டரான்டுலா என்று உலகம் அழைக்கும் பெருஞ்சிலந்திக் குடும்பத்தில் பொசிலோதேரியா என்றொரு பேரினம் உண்டு. 1885இல் சிமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த இந்தப் பெயருக்குக் கிரேக்க மொழியில் ‘புள்ளிகள் கொண்ட விலங்கு’ என்ற பொருள் வரும். இதில் அடங்கும் ஏறத்தாழ 15 இனங்களும் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. இலங்கைத் தமிழர் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்கிறார்கள். சிங்களத்திலும் சிறுத்தையின் பெயரைச் சேர்த்தே அழைக்கிறார்கள். சாம்பலும் வெண்மையும் கருமையும் கலந்து, காய்ந்த மரப்பட்டையின் மேல் பாசி படர்ந்தாற்போல் இருக்கும் அதன் முதுகைப் பார்த்தவருக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும்.

உலகின் மிகப் பெரிய டரான்டுலா தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வாழும் தெரபோசா பிளாண்டி ஆகும். 1965இல் வெனிசுவேலாவில் பிடிபட்ட ஒன்று கால் விரிப்பில் 28 செ.மீ. இருந்தது. நம் பக்கத்துச் சிலந்தி எடையில் அதற்கு ஈடாகாது. ஆனாலும் இந்தியாவில் வாழும் ரெகாலிஸ் இனத்தின் முதிர்ந்த பெண் 18 செ.மீ. வரை கால் விரிக்கும். இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வாழும் ஒர்னாட்டா 20 செ.மீ.யைத் தாண்டும். அதாவது, வளர்ந்த மனிதரின் விரித்த கைக்குச் சமம். இவ்வளவு பெரிய உடல் ஒரு விரல் நுழையும் இடுக்கில் நுழைந்து மறைந்துவிடும் என்பதுதான் இந்தப் பேரினத்தின் தனிச் சிறப்பு. தரையில் வளை தோண்டி வாழும் மற்ற டரான்டுலாக்கள் உருண்டு திரண்டிருக்க, இது மரத்தில் வாழ்வதற்கேற்பத் தட்டையாக அமைந்திருக்கிறது.

எந்த ஊரில் எந்த இனத்தை எதிர்பார்க்கலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். ரெகாலிஸ் இனத்தை 1899இல் போகாக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் விவரித்தபோது அவர் கையில் இருந்த மாதிரி அரக்கோணத்தில் கிடைத்தது. அதே ஆண்டில் அவர் விவரித்த ஃபோர்மோசா சேலம் பகுதியைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குப் பகுதியில் ருஃபிலாட்டாவும், மைசூர்ப் பக்கம் ஸ்ட்ரியாட்டாவும் உள்ளன. ராமேஸ்வரம் தீவில் வாழும் இனத்துக்கு, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே சேர்த்து ஹனுமவிலாசுமிகா என்று ஆண்ட்ரூ ஸ்மித் 2004இல் பெயரிட்டார். அதே இனம் பின்னாளில் கடலுக்கு அப்பால் மன்னார்ப் பகுதியிலும் பதிவானது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது இரு கரைகளும் ஒரே நிலமாக இருந்தன என்பதை நினைத்தால், கடலை நீந்த முடியாத ஒரு சிலந்தி இரண்டு பக்கமும் இருப்பது வியப்பாக இராது. வன்னியில் மாங்குளம் பகுதியில் 2009இல் கிராமத்தவர் கொண்டுவந்து கொடுத்த ஓர் ஆண் சிலந்தியிலிருந்துதான் ராஜேய் என்ற இனம் வெளியுலகுக்குத் தெரிந்தது. போர் முடிந்த கையோடு ஆய்வுக் குழுவை அந்தப் பகுதியில் வழிநடத்திய மைக்கேல் ராஜகுமார் புராஜா என்ற காவல்துறை அதிகாரியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பழைய மரங்கள் அழிந்த இடங்களில் இந்த இனம் பழைய கட்டடங்களுக்குள் ஒதுங்கியிருந்ததையும் அந்தக் குழுவினர் கண்டார்கள். மரம் போனால் சுவர் இடுக்கைத் தேடும் என்ற இந்தச் செய்தி, பின்னால் வீட்டுக்குள் சிலந்தி வந்தால் என்ன செய்வது என்று பார்க்கும்போது உதவும்.

பழைய பெயர்களை அப்படியே நம்பி ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நீல நிறத்துக்குப் பெயர்பெற்ற மெட்டாலிகா, ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலையத்தை ஒட்டிய மரக்கிடங்கில் கிடைத்தது. பல ஆண்டுகள் அந்த ஊரைச் சுற்றித் தேடியும் பயன் இல்லை. 2001இல் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில், குத்தியிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில். வெட்டிய மரத்தோடு ரயிலேறிச் சிலந்தியும் வந்திருக்க வேண்டும். மரக்கடையிலோ விறகுக் குவியலிலோ ஒரு சிலந்தியைக் கண்டால், அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி மரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வயது முதிர்ந்த புளி, மா, பலா, இலுப்பை, பாலை போன்ற மரங்களில், கிளை ஒடிந்து உளுத்துப் பொந்தான இடங்களையும், பட்டை விட்டுப்போய் உள்ளே இடுக்கு விழுந்த இடங்களையும் தேடுங்கள். பொந்துக்கு உட்புறம் காய்ந்திருக்க வேண்டும். மழைநீர் தேங்கி நிற்கும் பொந்தில் சிலந்தி தங்காது. பட்டை வழவழப்பாக உள்ள இளமரங்களை விட்டுவிடலாம். சாலையோரப் புளியமரங்களை எளிதாக எண்ணாதீர்கள். நூறாண்டு கண்ட புளியமரம் ஒன்றில் எத்தனை பொந்துகள் இருக்கும் என்பதைச் சாலை அகலப்படுத்தும் பணிக்காக அது வெட்டிச் சாய்க்கப்படும் நாளில்தான் பலர் அறிகிறார்கள்.

பொந்தைக் கண்டதும் விரலை நுழைக்க வேண்டாம். குச்சியையும் நுழைக்க வேண்டாம். ஓர் அடி தள்ளி நின்று நான்கு அடையாளங்களைப் பார்த்தால் போதும். வாயிலைச் சுற்றி வெண்பட்டு மெழுகியதுபோல் நூல் படிந்திருக்கும். அது பூச்சியைப் பிடிக்க விரித்த வலையாக இராது, குடியிருப்பின் உட்சுவரும் திரையுமாக இருக்கும். அந்த நூலில் மரத்தூளும் பட்டைத் துணுக்கும் ஒட்டி, தொலைவிலிருந்து பார்க்கையில் அழுக்குத் துணிபோல் தெரியும். பொந்துக்குக் கீழே பட்டையில் சுண்ணாம்புக் கரைசல் வழிந்து உலர்ந்தாற்போன்ற வெண்கோடுகள் இருந்தால் அவை பெரும்பாலும் அதன் எச்சம். வேரடியில் கரப்பான் சிறகு, வண்டின் ஓடு, மென்று உருட்டிப் போட்ட கரிய உருண்டைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சிலந்தியால் இரையைக் கடித்து விழுங்க முடியாது. செரிமான நீரை அதன் மேல் கக்கிக் கரைத்து, கூழை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சுருட்டி வெளியே தள்ளிவிடுகிறது. வாயிலில் நூல் புதிதாகவும் அடியில் சக்கை ஈரமாகவும் இருந்தால் குடி இருக்கிறது என்று முடிவுசெய்யலாம்.

பகலில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பொந்தின் வாயை அளந்து வைத்துக்கொள்வது. அகலம் 4 செ.மீ., உயரம் 9 செ.மீ. என்று குறிப்பேட்டில் எழுதி, அளவுகோலோடு சேர்த்து ஒரு படமும் எடுத்துக்கொண்டால், இரவில் சிலந்தி வாயிலில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்கும் படத்தை வைத்தே அதன் உடல் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம். அளவுகோலை நீட்டிக்கொண்டு அருகே போக வேண்டிய தேவையே இராது.

இரவுப் பயணத்துக்குத் துணை ஒருவர் கட்டாயம் வேண்டும். முழங்கால் வரை மூடும் காலணி அணியுங்கள். தோப்பில் உங்களுக்கு உண்மையான ஆபத்து சருகுக்குள் கிடக்கும் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும்தான், சிலந்தி அன்று. டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரட்டையாக மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். சிலந்தியின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி மிக மங்கலாகவே தெரியும். இருட்டி ஒரு மணி நேரம் கழித்துப் போய், மரத்திலிருந்து நான்கைந்து அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். நிலவில்லாத இரவும், முதல் மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய இரவும் நல்லவை.

நீங்கள் வந்ததை அது அறியும் விதம் வேறு. எட்டுக் கண்கள் ஒரு சிறு மேட்டில் கூடியிருந்தாலும் அவற்றுக்கு உருவத்தைப் பிரித்தறியும் திறன் குறைவு. கால்களில் உள்ள நுண்ணிய உணர்மயிர்கள் காற்றின் அசைவையும், பாதங்கள் மரத்தின் அதிர்வையும் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் கை மரத்தில் பட்டாலே அது உள்ளே போய்விடும். மூச்சை அதன்மேல் விட்டாலும் அப்படித்தான். எனவே மரத்தைத் தொடாமல், பேசாமல், கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். முதலில் வாயிலின் விளிம்பில் இரண்டு பாதங்களின் நுனி மட்டும் தெரியும். பூனையின் பாதம்போல் மயிரடர்ந்து, மெத்தென்று இருக்கும். அந்த மயிர்ப்பாதங்களின் பிடிப்பால்தான் அது செங்குத்தான மரத்திலும் கண்ணாடியிலும் ஏறுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால்கள் நீண்டு, தலைமார்பு வெளிவந்து, தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மரத்தோடு ஒட்டிப் படுத்துவிட்டால் அது வேட்டைக்குத் தயாராகிவிட்டது என்று பொருள். இதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் நடக்காமல் போகலாம். பிறகு ஒரு விட்டில் அரை அடி தொலைவில் வந்து உட்காரும். அடுத்த நொடி விட்டில் அங்கே இராது, சிலந்தியும் அங்கே இராது. நடந்தது கண்ணுக்குத் தெரியாமலே முடிந்துவிடும். பூச்சிகளைத் தவிரச் சிறு பல்லிகளையும் இது பிடிக்கும்.

இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்கக் கண்டங்களின் டரான்டுலாக்களில் பல, எதிரியின் மேல் தம் வயிற்றிலுள்ள சுணைமயிரைக் காலால் தேய்த்து வீசித் தப்பிக்கின்றன, தெரபோசாவும் அப்படியே. ஆசியச் சிலந்திகளுக்கு அந்தக் கருவி கிடையாது. அவற்றிடம் உள்ளவை பட்டையோடு பட்டையாகத் தெரியும் நிறம், ஓட்டம், கடைசியாக நஞ்சு. இந்த வரிசை மாறுவதே இல்லை. முதலில் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஓடும், ஓட வழியில்லாதபோதுதான் முன்னங்கால்களைத் தூக்கி மிரட்டும். அப்போது அதுவரை மறைந்திருந்த கால்களின் அடிப்புறம் பளீரென்று மஞ்சளாகத் தெரியும், நடுவே கரும்பட்டைகளோடு. பின்னங்கால்களின் அடிப்புறம் அந்த அளவுக்கு மஞ்சளாக இராமல் நீலமும் வெண்மையும் சேர்ந்து சாம்பலித்திருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. முதுகுக் கோலம் எல்லா இனத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால், இனத்தைப் பிரித்தறிய அறிஞர்கள் நம்புவது முதற்காலிலும் நான்காம் காலிலும் உள்ள அடிப்புற வரிகளையே. அதைப் பார்க்க வேண்டுமென்று சிலர் குச்சியால் குத்தி மிரட்டும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். இது தவறான வழி. ஒரு முறை மிரண்ட சிலந்தி பல இரவுகள் வெளியே வராமல் பட்டினி கிடக்கும். முட்டைப்பையோடு இருக்கும் தாயாக இருந்தால் பையைக் கைவிடவோ தின்றுவிடவோ கூடும். பல ஆண்டுகளுக்கு முன், பட்டை ஒன்று தளர்ந்து தொங்குகிறதே என்று நான் நுனிவிரலால் இழுத்துப் பார்த்தேன். அது கையோடு வந்துவிட்டது. அடியில், வெண்ணிறப் பட்டுப்பையை அணைத்தபடி ஒரு பெண் சிலந்தி இருந்தது. பட்டையை அப்படியே பொருத்திக் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போனபோது தாயும் இல்லை. கிழிந்த பை எறும்பேறிக் கிடந்தது. அதற்குப் பிறகு நான் எந்தப் பட்டையையும் தொட்டதில்லை. பொந்து இன்னொன்று கிடைக்கும் என்று சிலந்தியின் சார்பில் நாம் சொல்லிவிட முடியாது.

மிரட்டாமல் அடிப்புறத்தைப் பார்க்க நல்ல வழி, அது உரித்த சட்டையைத் தேடுவது. பாம்பைப்போலச் சிலந்தியும் வளரும்தோறும் தன் வெளித்தோலை உரிக்கிறது. குஞ்சுகள் அடிக்கடியும், முதிர்ந்த பெண் ஆண்டுக்கு ஒரு முறை என்ற அளவிலும் உரிக்கும். உரித்த சட்டையைப் பொந்துக்கு வெளியே தள்ளிவிடுவதால், வேரடியில் சருகோடு சருகாக அது கிடைக்கும். பார்ப்பதற்கு நசுங்கிய சிலந்தியின் பிணம்போல் இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் எடையே இராது, தலைமார்பின் மேல்மூடி ஒரு செப்பின் மூடிபோல் தனியே திறந்துகொண்டிருக்கும். உங்கள் சொந்தத் தோட்டமானால், அதை ஒரு தட்டில் வைத்து நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பத்து நிமிடத்தில் கால்கள் நெகிழும். ஈர்க்குச்சியால் மெல்ல விரித்து மல்லாக்கப் பரப்பிப் படமெடுத்தால், முதற்காலின் மஞ்சளும் கறுப்பும் எத்தனை பட்டைகள், எந்தக் கணுவில் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். வயிற்றுப்புறத் தோல் சுருங்கிக் கிடக்கும். அதையும் ஈர்க்கின் நுனியால் பிரித்து, முன் நுரையீரல் தடங்கள் இரண்டுக்கும் நடுவே உட்புறமாக ஒரு சிறு மடிப்பு எழுந்திருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். இருந்தால் அது பெண்ணின் விந்துப்பை. உரித்தது பெண் என்று தெரிந்துகொள்ளலாம். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துவருவது குற்றம். அங்கே சட்டையைக் கண்டால் கிடந்த இடத்திலேயே படமெடுத்துவிட்டு வர வேண்டும். ரெகாலிஸுக்கு மட்டும் இன்னொரு சலுகை உண்டு: வயிற்றின் அடியில் வெளிறிய இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும், அது பொந்தின் மேல்விளிம்பில் நிற்கும்போது கீழிருந்து பார்ப்பவருக்குச் சில வேளை தானாகவே தெரிந்துவிடும்.

சட்டை உரிக்கும் நேரத்தில் சிலந்தி மல்லாந்து கிடக்கும். அதைக் கண்டு செத்துவிட்டது என்று எண்ணித் தட்டிப் பார்க்காதீர்கள். அப்போது உடல் முழுவதும் மெத்தென்று இருக்கும். ஒரு கீறல் போதும், உயிர் போய்விடும். செத்த சிலந்தியின் அடையாளம் வேறு: எட்டுக் கால்களும் வயிற்றுக்கடியில் குவிந்து மடங்கிவிடும். சிலந்தி காலை மடக்குவதற்குத் தசை இருக்கிறது. நீட்டுவதற்கோ உடலுக்குள் இருக்கும் குருதியின் அழுத்தத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது. உயிர் நின்றதும் அழுத்தம் போய்விடுவதால் கால்கள் தாமே மடங்குகின்றன. அந்தக் குருதியும் சிவப்பாக இராது; செம்பு கலந்த நிறமி இருப்பதால் காற்றுப்பட்டதும் இளநீலமாகத் தெரியும். வயிறு கிழிந்தால் அந்தக் குருதி வெளியேறிச் சில நிமிடத்தில் இறந்துவிடும் என்பதால்தான் டரான்டுலாவை உயரத்திலிருந்து விழவிடக் கூடாது என்கிறோம்.

ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது முதிர்ச்சிக்குப் பிறகு எளிது. கடைசிச் சட்டையை உரித்த ஆண் மெலிந்து, கால் நீண்டு, நிறம் மங்கியிருக்கும். வாயருகில் உள்ள குறுங்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல் திரண்டிருக்கும். விந்தைச் சேமித்து எடுத்துச்செல்லும் குமிழ் அதற்குள் இருக்கிறது. மற்ற டரான்டுலா ஆண்கள் பலவற்றின் முன்னங்காலில் பெண்ணின் விஷப்பல்லைத் தாங்கிப் பிடிக்க ஒரு கொக்கி இருக்கும். இந்தப் பேரினத்து ஆண்களுக்கு அது இல்லை. முதிர்ந்த ஆண் பொந்தை விட்டு இறங்கிப் பெண்ணைத் தேடி அலையும். பெண்ணின் வாயிலை அடைந்ததும் உள்ளே நுழைந்துவிடாமல், குறுங்கால்களால் மரத்தைத் தட்டி, உடலை நடுக்கி, தான் இரை அல்ல என்று தெரிவிக்கும். சிவப்பு வெளிச்சத்தில் பொறுமையாக நிற்பவர் இதைப் பார்க்கலாம்; காதைக் கூர்மையாக்கினால் காய்ந்த பட்டையில் விழும் அந்தத் தட்டல் கேட்கவும் செய்யும். பெண் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடியது. ஆணோ முதிர்ச்சி அடைந்த சில மாதங்களில் இறந்துவிடும். முட்டைப்பையிலிருந்து ஐம்பது முதல் நூற்றைம்பது குஞ்சுகள் வரை வெளிவரலாம். வந்தவை உடனே சிதறிவிடாமல் கொஞ்ச காலம் தாயின் பொந்திலேயே கூடி இருக்கும். ஒன்றையொன்று தின்பதுதான் சிலந்தியின் இயல்பு என்று படித்தவருக்கு, ஒரே வாயிலில் தாயின் பெரிய பாதங்களுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு சிறு பாதங்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் நெகிழாமல் இராது.

அலையும் ஆண்தான் சில வேளை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் வீட்டுக்குள் பெரிய சிலந்தி என்று வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரண வேட்டைச் சிலந்தியைப் பற்றியவை. அது சுவரில் நண்டுபோல் கால்களைப் பக்கவாட்டில் விரித்து நிற்கும். காலில் அடர்ந்த மயிர் இராது. முகத்தில் மீசைபோல் ஒரு வெளிர்கோடு இருக்கும். பெண்ணானால் வெண்காசு போன்ற தட்டை முட்டைப்பையை வயிற்றுக்கடியில் சுமந்திருக்கும். அது கரப்பான் தின்னும் சாதுவான உயிர், விட்டுவிடலாம். புலிமுகச் சிலந்திக்குக் கால் முழுவதும் மயிர் அடர்ந்திருக்கும், முதுகின் நடுவே இலைவடிவக் கோலம் ஓடும், வயிற்றின் கடைசியில் இரண்டு விரல்போல் நூற்புக்காம்புகள் நீண்டு தெரியும்.

உண்மையாகவே அதுதான் என்றால், விளக்குமாற்றை எடுக்காதீர்கள். விரட்டினால் அது கைப்பிடி வழியே ஓடி உங்கள் தோளுக்கு வந்துவிடும். அது ஓடுவதைப் பார்த்துத் தடுக்க முடியாது. பிள்ளைகளையும் நாயையும் அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், அதன் வாயைவிட அகலமான தடித்த அட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சிலந்தி சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கும்போது, டப்பாவை மெதுவாகக் கொண்டுபோய் அதன் மேல் கவிழ்த்து அமர்த்துங்கள். டப்பாவின் வாய் கால்விரிப்பைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் நசுங்கும். பிறகு சுவருக்கும் டப்பாவுக்கும் இடையே அட்டையை அங்குலம் அங்குலமாக நுழையுங்கள். அட்டையோடு சேர்த்து எடுத்துப்போய், அதே வளாகத்திலோ அருகிலோ உள்ள பழைய மரம் ஒன்றின் அடியில் டப்பாவைச் சாய்த்து வைத்து, அட்டையை உருவிவிட்டுத் தள்ளிப்போய் நில்லுங்கள். வெகுதொலைவு கொண்டுபோய் விடுவது அதற்கு நன்மை அன்று. உங்களுக்குத் துணிவு இல்லையென்றால் அறையைப் பூட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

கடியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றின் கடி தேனீக் கொட்டைவிடச் சற்றுக் கூடுதலானது, அவ்வளவே. இந்தப் பேரினத்தின் கடி அப்படி அன்று. கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் உடனே வரும். அது குறைந்துவிட்டது என்று நிம்மதியடைந்த பிறகு, பல மணி நேரம் கழித்து, தசைப்பிடிப்பு தொடங்கலாம். கடிபட்ட இடத்துக்குத் தொடர்பே இல்லாத கெண்டைக்காலும் இடுப்பும் இழுத்துக்கொள்ளும். சிலருக்கு இது நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் விட்டுவிட்டு வந்திருக்கிறது. இந்தக் கடியால் மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. கடிபட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, மோதிரம், வளையல்களைக் கழற்றி, கையை அசைக்காமல் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறி உறிஞ்சுவதும், பச்சிலை அரைத்து அப்புவதும் கூடாது. இதற்கென்று விஷமுறிவு மருந்து இல்லை. பாம்புக்கடிக்குப் போடும் மருந்து இதற்குப் பயன்படாது. சிலந்தியின் படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தசைப்பிடிப்பு மறுநாளும் வரக்கூடும் என்பதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள். இந்தக் கடியைப் பார்த்திராத மருத்துவர் வீக்கம் வடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்புண்டு.

பார்த்ததைப் பதிவு செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. நாள், நேரம், மரத்தின் இனம், தரையிலிருந்து பொந்தின் உயரம், வாயின் அளவு, மழை பெய்து எத்தனை நாள் ஆயிற்று, எத்தனை சிலந்திகள், இரை எது என்பவற்றை அன்றிரவே எழுதிவிடுங்கள். உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இணையதளத்தில் படத்தை ஏற்றினால், இடம் மறைக்கப்பட வேண்டும் என்ற தெரிவைக் கட்டாயம் அழுத்துங்கள். முகநூலிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடும் படத்தில் ஊர்ப்பெயரோ, அடையாளம் காணக்கூடிய கோயில், பாலம் முதலியவையோ இருக்க வேண்டாம். நான் இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெளிநாடுகளில் செல்லப்பிராணியாக விற்க இந்தச் சிலந்திகளைக் கடத்துகிறார்கள். மெட்டாலிகாவும் ஹனுமவிலாசுமிகாவும் 2008 முதல் மிக அருகிய இனங்களாக, அழியும் நிலையிலுள்ள உயிர்களைப் பட்டியலிடும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் உள்ளன. ஃபோர்மோசா அருகிய இனமாக இருக்கிறது. ராமேஸ்வரம்போல் சிறிய ஒரு தீவில் பத்து மரங்களின் இருப்பிடம் தவறான கைக்குப் போனால், ஒரே வாரத்தில் அந்தப் பத்து மரங்களும் காலியாகிவிடும்.

அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் சைட்டீஸ். 2019இல் ஜெனீவாவில் கூடிய அதன் மாநாடு, இலங்கையும் அமெரிக்காவும் கொண்டுவந்த முன்மொழிவை ஏற்று, இந்தப் பேரினம் முழுவதையும் தன் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் நாடுவிட்டு நாடு கொண்டுபோவது அதன்பின் தடைசெய்யப்பட்டது. இந்தியாவின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், அந்த ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிர்களை உள்நாட்டுச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. எனவே அழகாக இருக்கிறதே என்று ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க எண்ண வேண்டாம்.

உங்கள் ஊரில் பழைய மரம் ஒன்றை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதல் வாரமே போய்ப் பொந்துகளைப் பார்த்துக் குறித்துப் படங்களோடு வனத்துறை அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வெட்டிய பிறகு தெரிவித்துப் பயனில்லை. சொந்தத் தோப்பானால், பொந்துள்ள பட்டுப்போன கிளையை விறகுக்காக அறுக்காமல் நிற்கவிடுங்கள், அடிமரத்தில் பூச்சிமருந்து தெளிக்காதீர்கள், பொந்தைச் சிமெண்ட்டால் அடைக்காதீர்கள். ஒரு முறை பார்த்த மரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது திரும்பிப் போங்கள். பெண் சிலந்தி அதே வாயிலில்தான் இருக்கும். மூன்றாம் நான்காம் வருகைக்குள், எந்த மழைக்குப் பின் நூல் புதிதாகிறது, எந்த மாதத்தில் வாயில் அடைபட்டு முட்டை காக்கிறது, குஞ்சுகள் என்றைக்கு வெளியே தலைகாட்டுகின்றன என்பதெல்லாம் உங்கள் குறிப்பேட்டில் ஏறியிருக்கும்.